ஒரு காசுப் பத்திரிகையின் வாரிசுகள்

காரியாபட்டிக்காரனுக்கு அச்சு என்றால் சிவகாசி. நாட்காட்டி, தீப்பெட்டி லேபிள், பட்டாசுப் பெட்டியின் மேலுறை எல்லாம் அங்கிருந்து வரும். டீக்கடையில் கிடக்கும் தினத்தந்தி யாருடையது என்று ஊரில் எவரும் விசாரித்ததில்லை. 1942-ல் ஆதித்தனார் மதுரையில் தொடங்கியது. இன்றும் அந்தக் குடும்பத்திடமே இருக்கிறது. ஒரு பத்திரிகை கைமாறினால் அதைப் படிப்பவனுக்கும் அதில் கவலை உண்டு என்பதை சிங்கப்பூரில் குடியேறிய பிறகுதான் உணர்ந்தேன்.

இங்குள்ள தமிழ் நாளிதழான தமிழ் முரசு 1935 ஜூலை 6 அன்று வார இதழாகப் பிறந்தது. விலை ஒரு காசு. தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் குரலாக வந்த அதை விரைவிலேயே கோ. சாரங்கபாணி தம் தோளில் ஏற்றிக்கொண்டார். திருவாரூரில் பிறந்து 1924-ல் இங்கு வந்தவர். 1937-ல் முரசு நாளிதழானது. அவர் வெறும் பத்திரிகை முதலாளி அல்லர். பிழைக்க வந்த தமிழர்களிடம், இதுதான் இனி உங்கள் நாடு, குடியுரிமைக்குப் பதிந்துகொள்ளுங்கள் என்று விடாமல் வற்புறுத்தினார். சாதி, சடங்கு வேறுபாடுகளைத் தாண்டி எல்லாரும் கூட 1952-ல் தமிழர் திருநாளைத் தொடங்கினார். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் கேட்டுப் போராடினார். முரசின் மாணவர் மணிமன்றத்தில் எழுதிப் பழகிய பிள்ளைகள் பலர் பின்னாளில் இந்த மண்ணின் எழுத்தாளர்களானார்கள். என்னைப் போல் பின்னால் வந்தவர்கள் காலூன்றி நிற்கும் தரை அவர் சமன்செய்தது.

1974-ல் அவர் மறைந்தார். பிறகு குடும்பத்தார் நடத்தினார்கள். 1995-ல், அப்போது ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸை வெளியிட்டுவந்த சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸிடம் போனது. 2021 டிசம்பரில் அந்த நிறுவனம், வருமானம் சுருங்கிய ஊடகப் பிரிவை இலாபநோக்கற்ற எஸ்பிஎச் மீடியா டிரஸ்டிடம் ஒப்படைத்தது. அதன் எல்லா இதழ்களுக்குமாக ஆண்டுக்கு 18 கோடி வெள்ளி வரை ஐந்தாண்டுகளுக்குத் தருவதாக அரசு அறிவித்தது.

இதை நான் வரவேற்கிறேன். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசும் குடியிருப்பாளர்கள் 2.5 விழுக்காடுதான், பத்தாண்டுகளுக்கு முன் 3.3. இவ்வளவு சிறிய கூட்டத்தை நம்பி எந்த வியாபாரியும் நாளிதழ் நடத்த மாட்டான். ஆனால் பணம் தருகிற கை மாறினால் பக்கத்தின் குணமும் மாறலாம் என்ற பயம் எனக்கு இருக்கிறது. அறிவிப்புகளும் விழாச் செய்திகளும் எந்த நிர்வாகத்திலும் வந்துவிடும். ஞாயிறு இதழில் வரும் கதையும் கவிதையும் அப்படியல்ல; யாராவது பிடிவாதமாக இடம் ஒதுக்கினால்தான் உண்டு. கட்டுமானத் தளத்தில் வேலைபார்க்கும் புதுக்கோட்டைப் பையனும் இங்கேயே பிறந்த ஆசிரியையும் ஒரே பக்கத்தில் சந்திக்க இந்த ஊரில் வேறு இடம் அதிகமில்லை.

மணிமன்றத்துக்கு இணையான ஒரு மாணவர் பக்கத்தை, பள்ளிப் பயிற்சித்தாளின் வாடை இல்லாமல், டிரஸ்ட் வாரந்தோறும் தர வேண்டும். எங்கள் பிள்ளைகளை அதில் எழுத வைக்கும் வேலையைப் பெற்றோர்கள் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.