இருபது ஏக்கரில் எஞ்சிய கொடி

பிரான்சின் லியோன் நகருக்குத் தெற்கே, ரோன் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில், அதன் வலக்கரையில் கோந்த்ரியூ என்னும் சிற்றூர் இருக்கிறது. ஊரின் முதுகை ஒட்டியே மலைச்சரிவு செங்குத்தாக எழுகிறது. அந்தச் சரிவில் விளையும் வெள்ளைத் திராட்சையின் பெயர் வியோனியே. வாதுமைப்பழமும் பீச்சும் ஊதாப்பூவும் கலந்தாற்போன்ற அதன் ஒயினின் நறுமணத்தை இன்று உலகெங்கும் கொண்டாடுகிறார்கள். ஆனால் 1960களின் நடுவில் கோந்த்ரியூவில் எஞ்சியிருந்த வியோனியே தோட்டங்களின் மொத்தப் பரப்பு சுமார் 8 ஹெக்டேர்தான். ஏக்கர்க் கணக்கில் ஏறத்தாழ இருபது. பக்கத்திலுள்ள ஷாத்தோ-கிரியே என்ற சிறு தோட்டத்தையும், கோத்-ரோத்தி சரிவுகளில் சிவப்புத் திராட்சையோடு கலந்து நின்ற சில கொடிகளையும் சேர்த்தாலும் பெரிதாக ஒன்றும் கூடிவிடாது.

ஒரு பயிர் இந்த நிலைக்கு ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. திரும்ப நடுவதற்குள் முதல் உலகப்போர் வந்து, சரிவில் உழைத்த ஆண்களைக் கொண்டுபோனது. அதன்பின் பள்ளத்தாக்கில் ஆலைகள் எழுந்தன. மாதச் சம்பளம் உறுதியாகக் கிடைக்கும்போது, சறுக்கும் சரிவில் முதுகு ஒடிய வேலை செய்ய யார் முன்வருவார்கள்? நிலத்தை விடாமல் வைத்திருந்தவர்களும் பழமரங்களுக்கும் காய்கறிகளுக்கும் மாறினார்கள். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை.

அந்த உழைப்பு எத்தகையது என்பதைத் தெரிந்துகொண்டால்தான் இந்தக் கதையின் கனம் விளங்கும். சாந்து இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிய சுவர்கள்தாம் சரிவைப் படிப்படியாகத் தாங்குகின்றன. இயந்திரம் ஏற இடமில்லை. உதிர்ந்து பொடியான கருங்கல்லும் அபிரகமும் கலந்த மண்ணை அங்கே ஆர்ஸெல் என்கிறார்கள். பெருமழை பெய்தால் அது கீழே வழிந்துவிடும். மனிதர்தான் அதை மீண்டும் மேலே சுமந்து சேர்க்க வேண்டும். திராட்சையோ அதைவிடப் பிடிவாதக்காரி. பூப்பவை எல்லாம் காய்ப்பதில்லை. விளைச்சல் குறைவு, அதுவும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பழம் நன்கு முதிர்ந்த பிறகே மணம் பிறக்கிறது. அந்த நேரத்தில் புளிப்பு விரைவாகக் குறையத் தொடங்கிவிடுகிறது. சில நாள் முந்தினால் மணமில்லை, சில நாள் பிந்தினால் ஒயின் கனத்துச் சோர்ந்துவிடும்.

இப்படிப்பட்ட கொடியை விடாமல் பிடித்துக்கொண்ட குடும்பங்களுள் வெர்னே குடும்பம் முதன்மையானது. பிரான்சிஸ் வெர்னே 1937இல் வெர்னோன் என்னும் சரிவில் வியோனியேயை நட்டார். 1953இல் பொறுப்பேற்ற அவர் மகன் ஜோர்ஜ் வெர்னே, மற்றவர்கள் சரிவை விட்டு இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் அங்கேயே நின்றார். கைவிடப்பட்ட படிகளைத் திருத்தினார், இடிந்த சுவர்களை எழுப்பினார், மீண்டும் வியோனியேயையே நட்டார். ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஊரின் திராட்சை விவசாயிகள் சங்கத்துக்குத் தலைமை தாங்கினார். 1980களில் இளைய தலைமுறை திரும்பி வந்தபோது, அவர்கள் பார்த்துக் கற்க உயிருள்ள தோட்டமும் செய்முறையும் அங்கே இருந்தன.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வெர்னே இல்லாவிட்டால்தான் என்ன? மத்தியதரைக் கடலோரம் வஸ்ஸால் என்ற இடத்தில், பிலாக்சரா வாழ முடியாத மணலில், 1949 முதல் பிரெஞ்சு அரசின் திராட்சைக் காப்பகம் ஒன்று இருந்துவந்திருக்கிறது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் அங்கே சேர்ந்தன. வியோனியேயின் ஒரு வரிசை அங்கே நின்றாலே போதாதா?

தாவரத்தைக் காப்பதற்கு அது போதும். திராட்சையை விதை போட்டுக் காக்க முடியாது. விதையிலிருந்து முளைப்பது வேறொரு திராட்சை. பழைய கொடியின் துண்டை வெட்டி நட்டுத்தான் வகையைத் தொடர முடியும். அவ்வகையில் இன்றைய ஒவ்வொரு வியோனியே கொடியும் அன்றைய கொடியின் உடலே. ஆனால் காப்பகத்துக் கொடிக்கு எந்த நாளில் பறிப்பது என்று தெரியாது. எந்தப் படியில் மண் முதலில் சரியும், எந்தக் கல்லை எதன்மேல் வைத்தால் சுவர் நிற்கும் என்ற அறிவு ஆண்டுதோறும் செய்யும் கைகளில் மட்டுமே தங்குகிறது. ஒரு தலைமுறை செய்யாமல் விட்டால், அடுத்த தலைமுறை அதைப் புத்தகத்திலிருந்து மீட்க முடியாது.

வெர்னே வீட்டிலும் அந்தத் தொடர்ச்சி உறுதியாக இருந்ததில்லை. ஜோர்ஜுக்கு மகன்கள் இருந்தும், 1990களின் நடுவில் பொறுப்பை ஏற்க வந்தவர் பாரிஸில் மொழியாசிரியையாக இருந்த மகள் கிறிஸ்தீன். பெண்கள் அதிகம் இல்லாத தொழிலில், வகுப்பறையை விட்டுவிட்டுச் சரிவேறினார். பூச்சிமருந்தையும் களைக்கொல்லியையும் விலக்கி இயற்கைமுறைக்குத் தோட்டத்தைத் திருப்பினார். தந்தை 2017இல் காலமானபோது, அவர் காத்த திராட்சை மகளின் கைப்பக்குவத்தில் தனிப் புகழ் பெற்றிருந்தது.

மரபணு ஆய்வுகள் பின்னாளில் சொன்ன செய்தி ஒன்றும் உண்டு. வியோனியே, மோந்தூஸ் பிளான்ஷ் என்ற பழைய திராட்சையின் பெற்றோராகவோ பிள்ளையாகவோ இருக்க வேண்டும். அந்த மோந்தூஸ் பிளான்ஷ்தான் புகழ்பெற்ற சிரா திராட்சையின் தாய்தந்தையருள் ஒன்று. அப்படியானால், அழியவிருந்த வியோனியே சிராவுக்குப் பாட்டியாகவோ ஒரு பக்கத்து உடன்பிறப்பாகவோ இருக்கும். தன் குலத்தில் ஒருவர் உலகை ஆண்டுகொண்டிருக்க, இவள் இருபது ஏக்கரில் ஒண்டிக்கிடந்திருக்கிறாள்.

இன்று கோந்த்ரியூவில் ஏறத்தாழ 200 ஹெக்டேரில் வியோனியே நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் ஈடன் பள்ளத்தாக்கிலும் கலிபோர்னியாவிலும் இந்தியாவிலும் அது வேரூன்றிவிட்டது. சமவெளியில் இயந்திரத்தால் பறித்த வியோனியே மலிவாகவே கிடைக்கிறது. கொடிக்கு இனி ஆபத்தில்லை. சரிவுக்கு அந்த உறுதியை யாரும் தர முடியாது. அடுத்த பெருமழைக்குப் பிறகும் மண்ணை மேலே சுமக்க ஒருவர் வர வேண்டும். அவருக்குப் பின் இன்னொருவர் வர வேண்டும். காத்தல் என்பது ஒருமுறை செய்து முடிக்கும் வேலை அன்று.