வண்டிக்கு ஏற்ற கூரை

2014ஆம் ஆண்டு மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபின், வாவியைக் கடந்து படுவான்கரை வயல்களுக்குப் பிக்கப் வண்டியிலே செல்வது எளிதாயிற்று. அதன் பின்தட்டுக்கு எத்தகைய கூரை இடுவது என்பதே எமது இல்லத்து ஆராய்ச்சியாயிருந்தது.

இரும்புக் கூடு உறுதியானது. ஆயினும் உப்புக்காற்றில் துருவேறும். மேற்பாரம் மிகுந்து, வயற்பாதைப் பள்ளங்களில் வண்டி சரியவுங் கூடும். கண்ணாடியிழைக் கூடு இலேசானது. மார்கழி மழைக்கும் அஞ்சாது. ஆனால், காற்றுப் புகாவிடின் ஈரநெல் புழுங்கிக் கெடும். கம்பி வளைவின்மேற் கட்டும் படங்கோ மலிவானது. மூடைகள் உயர்ந்தால் கழற்றிவிடலாம். பக்கங்களைச் சுருட்டினால் காற்றோட்டமும் உண்டு. ஆதலின், படங்கையே நாம் தேர்ந்தோம்.

எக்கூரையாயினும் அதன்கீழ் ஆட்களை ஏற்றலாகாது. பின்புறத் திறப்பினால் நச்சுப்புகை உள்ளே இழுபடும். நெல் கெட்டால் அடுத்த போகம் உண்டு. உயிருக்கு அஃது இல்லை.