நண்டு வளை

மந்தைவெளி வீட்டிலிருந்து பட்டினப்பாக்கம் கடற்கரை நடக்கிற தூரம்தான். விடியும்போதே வாளியும் கொஞ்சம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸுமாகப் போய்விடுவேன். நண்டு விட்டுப்போன வளையாகப் பார்த்துக் கரைசலை ஊற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேன். வலை உதறுகிற மீனவர் ஒருவர் கேட்பார்: "என்ன சார், நண்டுக்குப் பல்லு கட்டுறீங்களா?"

இறுகியதும் சுற்றிலும் மணலைத் தோண்டினால் வளை வெள்ளையாக எழுந்து வரும். சிலது தூண்டில் முள் போல வளைந்திருக்கும். சிலது கவட்டை போல மேலே இரண்டாகப் பிரியும்.

இந்தப் பழக்கம் ஒரு தவறில் தொடங்கியது. பெரம்பலூர் மாவட்டம் கருடமங்கலத்தில் சுமார் 9 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஆழமில்லாக் கடலின் மணற்கற்கள் இருக்கின்றன. புவியியலாளர் பிளான்ஃபோர்டு ஆராய்ந்து 1860களில் எழுதிய பகுதி அது. அங்கே ஒரு பாறையில் வட்டம், நீள்வட்டம், பட்டை என, கல்லாகிப்போன மூன்று வகை வளைகளைக் குறித்துக்கொண்டேன். பாட்டில் தண்ணீரை ஊற்றியதும் நிற வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. பாறையின் மூலையைச் சுற்றிப் போய்ப் பார்த்தால் எல்லாம் ஒரே குழாய்! குறுக்கே வெட்டுப்பட்டால் வட்டம், சாய்வாக என்றால் நீள்வட்டம், நெடுக்கே என்றால் பட்டை. அவ்வளவுதான். அன்றிலிருந்து இரண்டு பக்கமும் பார்க்காமல் நோட்டில் பெயர் எழுதுவதில்லை; வளையின் முழு உருவத்தைப் பார்க்கவே கடற்கரையில் வார்க்கவும் தொடங்கினேன்.

பாறையில் சிப்பி இருக்க, வளையைப் படிப்பது எதற்கு? செத்த சிப்பியை அலை எங்கிருந்தோ அள்ளி வந்து குவித்திருக்கலாம். வளையை அப்படி அள்ளிவர முடியாது. உயிர் அங்கேதான் வாழ்ந்தது.

எந்த உயிர் என்பதில்தான் நிதானம் வேண்டும். ஒஃபியோமார்ஃபா என்ற வளையின் வெளிச்சுவர் மக்காச்சோளக் கதிர் போல முண்டும் முடிச்சுமாக இருக்கும். சரிகிற மணலில் குடியிருந்த இறால் இனம் மண்ணை உருட்டி உருட்டிப் பூசிய சுவர் அது. கெட்டியான சேற்றில் பூச்சு வேண்டியதில்லை. அதே இறால் அங்கே தோண்டியது வழுவழுவென்று இருக்கும். அதற்குப் பெயர் தலாசினாய்டிஸ். ஆக, பெயர் சொல்வது தோண்டியவரை அல்ல, தரையை.

அலை புரட்டும் மணலில் செங்குத்து வளைகள் அதிகம். இரை அடியில் படியும் அமைதியான நீரில் அவை கிடையாகப் பரவும். இப்படி வளைகளைக் கூட்டமாக வைத்துப் படிக்கும் முறையை வகுத்தவர் ஜெர்மானியரான டோல்ஃப் ஸைலாஹர். ஆனால் செங்குத்து என்றதும் கரையோரம் என்று எழுதிவிடக் கூடாது. அமைதியான அடித்தரையில் புயல் மணலைக் கொட்டிவிட்டுப் போனாலும் செங்குத்து வளைகள் வந்துவிடும்.

நேற்று எடுத்த கவட்டையை மீனவர் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு வாசல் வெச்சிருக்கு. ஈரம் கண்ட எடத்துல நிறுத்திருக்கு, பாருங்க" என்றார்.

வாசலைத்தான் எண்ணிக்கொண்டிருந்தேன். டேப்பை எடுத்து ஆழத்தையும் அளந்துகொண்டேன்.