கழுகுக்கு முதல் கவளம்

பாலாறு முதல் கடல் வரை – 5

செங்கல்பட்டில் மாமல்லபுரம் பஸ் ஏறினால் ஏறக்குறைய பாதி வழியில் திருக்கழுக்குன்றம். ஊருக்கு முன்னால் குன்று தெரிந்துவிடுகிறது. உச்சியில் வேதகிரீசுவரர் கோயில். அடிவாரத்தில் நான்கு திசைக்கும் கோபுரம் வைத்த பக்தவத்சலேசுவரர் கோயில்; உள்ளூரில் அதைத் தாழக்கோயில் என்கிறார்கள். நான்கு வேதங்களும் மலையாகி நிற்கின்றன என்பது தலபுராணம். தேவார மூவரும் பாடிய தலம். மாணிக்கவாசகரும் இதற்கென்று ஒரு பதிகம் பாடியிருக்கிறார்.

ஊருக்கு ஊர் மரியாதை எப்படி மாறுகிறது, எங்கே ஒன்றாகிறது என்று பார்த்துக்கொண்டே வருகிறேன். விருந்தோம்பல் என்றால் இந்தப் பக்கத்தில் முதலில் சொல்ல வேண்டிய ஊர் இதுதான். பல தலைமுறைகளாக இங்கே பகல் விருந்துக்கு வந்தவை இரண்டு கழுகுகள். அவை சாப்பிடும்வரை மலைமேல் கூடியவர்கள் காத்திருந்தார்கள்.

படிக்கட்டு தொடங்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டு வருகிறவர்கள் குனிந்து முதல் படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். பள்ளிச் சீருடையில் வந்த பையன்கூட ஓட்டத்தை நிறுத்தித் தொட்டுவிட்டுத்தான் ஓடினான். மேலே சாமி இருக்கிறது என்பதால் மட்டும் இல்லை. மலையே வேதம் என்றால், ஏறுகிறவன் மிதித்துத்தான் ஏற வேண்டும். மிதிக்கப் போவதற்கு முன்கூட்டியே கேட்கும் மன்னிப்பு அது. பரதநாட்டியம் ஆடத் தொடங்கும்முன் தரையைத் தொட்டு வணங்குவதும் இதே எண்ணத்தில்தான். காரைக்கால் அம்மையார் கயிலையைக் காலால் மிதிக்கக் கூசித் தலையால் நடந்தார் என்று பெரிய புராணம் சொல்கிறது. அந்தக் கூச்சத்தின் ஒரு துளி இந்த முதல் படியில் இன்றும் இருக்கிறது.

காலணி விஷயத்தைச் சின்னதாக நினைக்க முடியாது. பர்மாவில் அது ஒரு அரசியலாகவே மாறியது. மண்டலே அரண்மனையில் மிண்டோன் மன்னரைப் பார்க்கப் போகிற வெளிநாட்டுத் தூதர்கள் காலணியைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார வேண்டும். 1875-இல் போன டக்ளஸ் ஃபோர்சித் அப்படியே செய்தார். அதற்குப் பிறகு, இனி எங்கள் தூதர்கள் கழற்ற மாட்டார்கள் என்று பிரிட்டிஷ் இந்திய அரசு முடிவெடுத்தது. மன்னர் பிடிவாதத்தை விடவில்லை, அவர்களும் விடவில்லை, நேருக்கு நேர் பேசிக்கொள்வதே நின்றுபோனது. பத்து ஆண்டில் போர் வந்து அந்த நாடே பிரிட்டிஷ் கைக்குப் போனது. போருக்கு மரக்காடும் வணிகமும் என்று பெரிய காரணங்கள் இருந்தன. ஆனால் பேசிப் பார்க்க இருந்த ஒரு வாசலை அடைத்தது காலணிதான். 1919-இல் மண்டலேயின் எயிண்டாயா பகோடாவுக்குள் ஷூ காலோடு நுழைந்த ஐரோப்பியர்களைப் பிக்குகள் விரட்டினார்கள். அதற்காக ஒரு பிக்குவுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. அதன்பிறகு பகோடாக்களில் காலணி பற்றி அந்தந்த இடத்தின் பொறுப்பாளர்களே முடிவு செய்யலாம் என்று அரசு இறங்கிவந்தது.

ஏறத் தொடங்கினேன். ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகள். வெயில் ஏறிவிட்டால் கல் சுடும். படிகளில் ஒரு மரியாதை எழுதாமல் நடக்கிறது. மூச்சு வாங்கி உட்கார்ந்திருக்கும் வயதானவர்களைப் பார்த்து யாரும் “முடியலையா?” என்று கேட்பதில்லை. என் முன்னால் போன பெண், உட்கார்ந்திருந்த ஒரு பாட்டியிடம், “வாங்க பாட்டி, இன்னும் கொஞ்சம்தான், வந்தாச்சு” என்றாள். பாதிகூட ஏறியிருக்கவில்லை. பாட்டிக்கும் அது தெரியும். “வர்றேன்மா, நீ முன்னால போ” என்று சிரித்தார். இன்னும் இத்தனை படி இருக்கிறது என்று கணக்குச் சொல்லியிருந்தால் அவர் அங்கேயே நின்றிருப்பார். இந்த மாதிரிப் பொய்யைச் சொல்லத் தெரியாத ஊர்களில் நான் தங்கியிருக்கிறேன். எனக்கு இந்த ஊர்தான் பிடிக்கிறது.

மேலே சன்னிதியில் கூட்டம் இல்லை. மாமல்லபுரத்திலிருந்து வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி எனக்கு முன்னால் நின்றார்கள். குருக்கள் விபூதித் தட்டோடு வந்தபோது கணவர் இடது கையை நீட்டினார். குருக்கள் எதுவும் சொல்லவில்லை, கொடுக்கவும் இல்லை. தன் வலது உள்ளங்கையை விரித்து, அதன் கீழே இடது கையை வைத்துக் காட்டிவிட்டுக் காத்திருந்தார். அவர் உடனே கை மாற்றினார். நெற்றியில் எப்படி இட்டுக்கொள்வது என்று பக்கத்தில் நின்ற ஒரு சிறுமி தன் நெற்றியில் இழுத்துக் காட்டினாள். மீதி விபூதியை என்ன செய்வது என்று அவர் தூணைப் பார்த்தார், நம்மவர்கள் தட்டிவைத்த சாம்பல் அங்கே குவிந்திருந்ததால். சிறுமியின் அப்பா, “தூண்ல வேணாம்” என்று தலையசைத்து, ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து மடித்துக் கொடுத்தார். எதிரில் நிற்பவருக்கு வெட்கம் வராதபடி ஒரு வழக்கத்தைக் கற்றுக்கொடுக்க முடியும் என்பதை அந்த மூன்று பேரும் செய்து காட்டினார்கள். வந்தவர் குழந்தையைப் பார்த்துக் கைகூப்பினார், குழந்தையும் கூப்பியது.

இனி கழுகுகள் வந்து இறங்கிய அந்தப் பாறைக்கு வருகிறேன். பட்சி தீர்த்தம் என்று வடநாட்டார்வரை இந்த ஊருக்குப் பெயர் பரவக் காரணமான இடம். உச்சி வேளை நெருங்கும்போது, கழுகுகளுக்கு உணவு படைக்கும் தேசிகர் சர்க்கரைப் பொங்கலும் நெய்யுமாகப் பாத்திரங்களோடு பாறைக்கு வந்து உட்காருவார். வானத்தில் இரண்டு புள்ளிகள் தெரியும். வட்டமிட்டு இறங்கி, நடந்து வந்து, அவர் கொடுப்பதைச் சாப்பிட்டுவிட்டுப் பறந்துவிடும். சாபம் பெற்ற முனிவர்கள் ஒவ்வொரு யுகத்திலும் இருவராக இப்படிப் பறவையாக வந்து போகிறார்கள் என்பது ஐதீகம். கலியுகத்துக்குரியவர்கள் சம்பு, ஆதி. கங்கையில் குளித்து, இங்கே உண்டு, வேறொரு தலத்தில் இரவு தங்குகிறார்கள் என்பார்கள். எந்தத் தலம் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும்.

படியோரம் கடை வைத்திருக்கும் ஒரு பெரியவர் சின்ன வயதில் பார்த்ததைச் சொன்னார். “அவ்வளவு ஜனம் இருக்கும் சார், சத்தமே இருக்காது. குழந்தை அழுதா வாயப் பொத்துவாங்க. அது சாப்ட்டுப் போன பிறகுதான் நமக்குப் பிரசாதம்.” பறவை வராத நாளில், கூட்டத்தில் யாரோ பாவி இருக்கிறார் என்று பேசிக்கொள்வார்களாம். “யாருன்னு யாரும் தேட மாட்டாங்க. எல்லாரும் நாமதானோன்னு நினைச்சுக்கிட்டு இறங்கிடுவோம்” என்றார். விருந்தாளி வராவிட்டால் குறையைத் தன்மேல் போட்டுக்கொள்கிற வீடு இது.

அமாவாசை தவறாமல் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு இலை போடுகிற வீடுகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. அதையே ஒரு மலையும் ஊருமாகச் சேர்ந்து செய்தது இங்கேதான். எத்தியோப்பியாவில் ‘குர்ஷா’ என்று ஒரு வழக்கம்: உடன் உண்பவரின் வாயில் முதல் கவளத்தைத் தன் கையாலேயே ஊட்டுவார்கள், மறுப்பது மரியாதை இல்லை. அந்தக் கவளத்தை இங்கே பறவைக்கு நீட்டினார்கள்.

வந்தவை எந்தப் பறவை என்பதில் பறவையியலாளர்களுக்குச் சந்தேகம் இல்லை. மஞ்சள் முகப் பாறு. வெள்ளை உடம்பு, சிறகோரம் கறுப்பு, முகம் மஞ்சள். பழைய எகிப்தின் சித்திர எழுத்துகளில் ஓர் எழுத்தாகவே நிற்கும் பறவை. ஆப்பிரிக்காவில் இது நெருப்புக்கோழி முட்டையைக் கல்லால் எறிந்து உடைப்பதை ஜேன் குடாலும் ஹியூகோ வான் லாவிக்கும் 1966-இல் உலகுக்கு எழுதினார்கள். இயல்பில் செத்ததையும் கழிவையும் தின்று ஊரைச் சுத்தமாக வைக்கும் பறவை. அதை முனிவராகக் கண்டு, நெய் ஊற்றி, மனிதருக்கு முன்னால் உபசரித்தார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஊர்மேல் மதிப்புக் கூடுகிறது.

1990-களின் பிற்பகுதியோடு வருகை நின்றுவிட்டது. பெரியவரிடம் காரணம் கேட்டேன். ஊர் பெருகியது, சத்தம், காலம் கெட்டது என்று அடுக்கினார். இந்த இரண்டு பறவைகளுக்கு என்ன ஆனது என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் அதே ஆண்டுகளில் இந்தியா முழுவதும் பாறுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது என்று 2004-இல் ஆய்வு வந்தது. 2006-இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மஞ்சள் முகப் பாறு இன்று உலக அளவில் அழியும் அபாயத்தில் உள்ள பறவை.

பறவை போனதால் தவித்தவர்கள் மும்பைப் பார்சிகள். மண்ணும் நெருப்பும் நீரும் தூயவை, அவற்றைப் பிணத்தால் தீட்டாக்கக் கூடாது என்பது அவர்கள் மரபு. அதனால் இறந்தவரை மலபார் குன்றின் மௌன கோபுரத்தில் பாறுகளுக்குக் கொடுத்துவந்தார்கள். பாறுகள் இல்லாமல்போக, சூரிய வெப்பத்தைக் குவிக்கும் கருவிகளை வைக்க வேண்டியதாயிற்று. அது மரபுக்கு ஒக்குமா என்று அவர்களுக்குள் வாதம் நடந்தது. நாம் சோறு கொடுத்தோம், அவர்கள் தம் உடலையே கொடுத்தார்கள். மாட்டுக்குப் போட்ட ஊசி இத்தனை வீட்டு வழக்கத்துக்குள் நுழையும் என்று மருந்து விற்றவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.

இறங்கும் வழி வேறு. அதில் ஒருகல் மண்டபம் இருக்கிறது, பல்லவர் பாறையில் குடைந்த குகைக்கோயில். கருவறையில் லிங்கம், வாயிலில் துவாரபாலர்கள், பிரமனும் திருமாலும் புடைப்புச் சிற்பமாக. தூண்களில் விரலை வைத்துத் தடவினால் சிற்பியின் உளி அல்லாத வேறு உளியின் கீறல்கள் தட்டுப்படும். 17-ஆம் நூற்றாண்டில் சதுரங்கப்பட்டினத்தில் துணி வாங்கி விற்ற டச்சுக் கம்பெனிக்காரர்கள் மலை பார்க்க வந்து வெட்டிவிட்டுப் போன பெயர்கள். எழுத்து நிதானமாக, அழகாகக்கூட இருக்கிறது. அவர்கள் காலத்து ஐரோப்பியப் பயணிக்கு அது கௌரவம். கிரேக்கத்தின் சூனியன் முனைக் கோயில் தூணில் கவிஞர் பைரனின் பெயரும் வெட்டியிருக்கிறது. அது அவர்கள் வழக்கம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அடுத்தவர் வீட்டுத் தூண் அது; வழக்கம் என்பதற்காக அதைச் சரியென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நம் கோயில்களில் இதயம் வரைந்து பெயர் கீறும் நம் பிள்ளைகளையும் இதே காரணத்துக்காகத்தான் கண்டிக்கிறேன். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சிதைத்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் என்று சட்டமும் இருக்கிறது.

கல்லில் எழுதுவதற்கு இதே ஊரில் வேறொரு முறை இருந்தது. பல்லவ அபராஜிதனை வென்று தொண்டை மண்டலத்தைப் பிடித்த முதலாம் ஆதித்த சோழனின் 27-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று இங்கே கிடைத்தது. இந்தக் கோயிலுக்கு முன்பு ஸ்கந்தசிஷ்யன் நிலம் கொடுத்தான், வாதாபி கொண்ட நரசிம்மவர்மன் அதைக் காத்தான், அதே அறத்தை நானும் காக்கிறேன் என்பது அதன் செய்தி. பல்லவரைத் தோற்கடித்தவன், பல்லவன் கொடுத்ததைப் பல்லவன் பெயரோடு எழுதிவைக்கிறான். தன் பெயரை மட்டும் வெட்டிக்கொள்ள அவனுக்கு எந்தத் தடையும் இல்லை. பொதுவாகவே நம் கல்வெட்டுகளின் முடிவில், இந்தத் தர்மத்தைக் காப்பவர் யாராக இருந்தாலும் அவர் பாதம் என் தலைமேல் என்று அரசனும் அதிகாரியும் எழுதிவைப்பது உண்டு. பின்னால் வரப்போகிற, முகமே தெரியாத ஒருவனுக்கு முன்கூட்டியே செய்யும் வணக்கம். ஒருகல் மண்டபத்தின் டச்சுப் பெயர்களையும் இந்தக் கல்வெட்டையும் ஒரே நாளில் நினைத்துப் பார்க்கிறவருக்கு, விருந்தாளி எப்படி நடக்க வேண்டும் என்று வேறு பாடம் வேண்டாம்.

அடிவாரம் வந்து சங்கு தீர்த்தம் பக்கம் போனேன். பெரிய குளம். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதில் சங்கு பிறக்கும் என்பது நம்பிக்கை. கடைசியாகச் சங்கு கிடைத்தது 2024 மார்ச்சில். அதை மேளதாளத்தோடு கோயிலுக்கு எடுத்துப்போனார்கள். இப்படிச் சேர்ந்த சங்குகளோடு கார்த்திகைக் கடைசி சோமவாரத்தில் மலைமேல் 1008 சங்காபிஷேகம் நடக்கிறது. குளப்படியில் துவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம், இனி எப்போது சங்கு வரும் என்று கேட்டேன். “அது வர்றப்ப வரும். நாம தண்ணியக் கெடுக்காம இருந்தா போதும்” என்று சொல்லிவிட்டு, சோப்புத் தண்ணீர் குளத்தில் விழாதபடி வாளியை மேல்படிக்குத் தள்ளி வைத்தார்.

பேருந்து நிலையத்தில் விசாரித்தேன். சதுரங்கப்பட்டினத்துக்குக் கல்பாக்கம் போகிற பஸ்ஸில் போகலாம். தூணில் பெயர் வெட்டியவர்களின் கோட்டையும் கல்லறைகளும் அங்கே இருக்கின்றன. செத்த டச்சுக்காரருக்கு அந்தக் கடற்கரை என்ன மரியாதை செய்துவருகிறது என்பதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.