அக்காவின் விரல் ஆறியபோது

எனக்கிருக்கும் அதே வருத்தம் உள்ள இன்னொரு பெண்ணுக்குக் கொஞ்சம் சுகம் வந்தபோது நான் சந்தோஷப்படவில்லை. எனக்கு எரிந்தது. அந்த எரிச்சலை அக்கறையாகக் காட்டி, அவருடைய சந்தோஷத்தையும் கெடுத்தேன். வீட்டில் இதை யாருக்கும் சொன்னதில்லை. அவரிடம் சொல்லிவிட்டேன், அதனால்தான் எழுதத் துணிகிறேன்.

எங்கள் இருவருக்கும் இருப்பது ஸ்க்லீரோடெர்மா, தோல் இறுக்க நோய். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கத் தொடங்க, கொலாஜன் என்ற நார்ப்புரதம் அளவு மீறிச் சேர்ந்து தோல் தடித்து இறுகிப்போகும். தோலோடு நிற்பதும் இல்லை. உணவுக்குழாய், நுரையீரல், இதயம், சிறுநீரகம் என்று உள்ளேயும் இறங்கும். அநேகம் பேருக்கு முதலில் தெரிவது விரல்கள்தான். குளிர் பட்டதும் வெளிறி, பிறகு நீலம் பாரித்து, சூடேறும்போது சிவந்து குத்தும். மொரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இல் விவரித்த இந்த அறிகுறி அவர் பெயராலேயே ரேனோ எனப்படுகிறது. ரேனோ உள்ளவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் மிகச் சிலருக்கே ஸ்க்லீரோடெர்மா. பிரித்தானியா முழுவதிலும் சுமார் 19,000 பேர், பெரும்பாலும் பெண்கள்.

இதெல்லாம் புத்தகத்தில் இருப்பது. வீட்டுக்குள் அது வேறு மாதிரி இருக்கும். விரல் மடங்காது; சோற்றைக் குழைத்து உருட்டி எடுக்க முடியாமல் பிள்ளைகளுக்கு முன்னால் கரண்டியால் சாப்பிட வேண்டும். இடியப்ப உரலைப் பிழிய முடியாது. சேலைக் கொய்யகத்தை இன்னொருவர்தான் மடித்துச் செருக வேண்டும். வாய் சுருங்கிக்கொண்டே வரும். தோசையைக்கூடச் சின்னச் சின்னதாகப் பிய்த்து உள்ளே தள்ள வேண்டும். குளிரூட்டியைத் திறந்து பால் எடுப்பதற்குக் கையுறை போட வேண்டும். பார்ப்பவர்களோ, “முகத்தில ஒரு சுருக்கமும் இல்லை, வயசு குறைஞ்சு போச்சு” என்பார்கள்.

நான் அக்கா என்று அழைக்கும் அந்தப் பெண்ணைச் சந்தித்தது ஹம்ஸ்டட் பக்கம், ரோயல் ஃப்ரீ மருத்துவமனையில். இந்த வருத்தத்துக்கு இந்த நாட்டில் முதலில் நினைவுக்கு வரும் இடம் அது. டேம் கரோல் பிளாக் என்ற மருத்துவர் அங்கே வளர்த்தெடுத்த சிகிச்சை மையத்துக்கு எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வருவார்கள். விரல் நுனிகளுக்கு இரத்தம் ஓட வைப்பதற்காக ஐலோப்ரோஸ்ட் என்ற மருந்தை நரம்பில் சொட்டுச் சொட்டாக ஏற்றுவார்கள். ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம், அடுத்தடுத்துச் சில நாட்கள். அளவைக் கூட்டக் கூட்ட முகம் சிவக்கும், தலை இடிக்கும், தாடை நோகும், வயிறு பிரட்டும். அப்படிப்பட்ட நேரத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்து, “பிள்ளை, நீங்கள் யாழ்ப்பாணமே?” என்று ஒரு குரல் கேட்டால் எப்படி இருக்கும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவர் ஈஸ்ட்ஹாமில் இருந்து வருவார், நான் ஹரோவில் இருந்து. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். சீக்கிரமே நாங்கள் மருந்து ஏற்றும் நாட்களை ஒன்றாக வரும்படி கேட்டு வாங்கத் தொடங்கினோம்.

அக்காவின் வலது மோதிர விரலின் நுனியில் ஒரு புண் இருந்தது. ஸ்க்லீரோடெர்மாப் புண் சிறியதுதான், ஒரு பயற்றளவு. ஆனால் இரத்தம் போகாத இடத்தில் வந்த புண் என்பதால் மாதக்கணக்காக ஆறாது. நடுவில் மஞ்சள், சுற்றிவர வெள்ளையாய்க் காய்த்த விளிம்பு. போர்வை பட்டால்கூட உயிர் போகும். ஒரு நாள் அவர் கட்டில்லாத விரலோடு வந்தார். பொருக்கு விழுந்து, அடியில் மெல்லிய ரோஸ் நிறத் தோல் வந்திருந்தது. நுனி கொஞ்சம் உள்வாங்கி இருந்தது. கையில் ஒரு டப்பா. நெடுநாளைக்குப் பிறகு தன் கையாலேயே பயற்றம் பணியாரம் உருட்டிப் பொரித்துக் கொண்டு வந்திருந்தார். தாதிமாருக்கெல்லாம் கொடுத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து விரலை நீட்டினார்.

“இஞ்ச பார் பிள்ளை, ஆறிட்டுது.”

“குளிர் வரட்டும் அக்கா, பேந்து பாப்பம். இது திரும்பித் திரும்பி வாறது.”

சொன்னது பொய்யில்லை. புண் வந்தவர்களுக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். லண்டனில் ஒக்டோபர் பிறந்தால் எங்கள் எல்லாருக்குமே பயம்தான். பல காலமாக இந்த உண்மைக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டிருந்தேன். ஆனால் அந்த நேரத்தில் என்னைப் பேச வைத்தது குளிரைப் பற்றிய கவலை இல்லை. அந்தப் பணியாரம்தான். அவரால் உருட்ட முடிகிறது, என்னால் முடியவில்லை.

அவருடையது மட்டுப்பட்ட வகை. தோல் இறுக்கம் கைகளோடும் முகத்தோடும் நிற்பது. என்னுடையது பரவும் வகை. முழங்கைக்கு மேலேயும் ஏறி, நெஞ்சு வயிறு என்று போவது. மருத்துவர் உடம்பின் 17 இடங்களில் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை புள்ளி போடுவார். மொத்தம் 51. என் முன்கை இரண்டுக்கும் மும்மூன்று. மத்தளத்தில் இழுத்துக் கட்டிய தோலைப்போல அது எலும்போடு ஒட்டிக் கிடந்தது. கிள்ள வரவே வராது. அக்காவின் முன்கையை அவர் எவ்வளவு இலேசாகக் கிள்ளித் தூக்குகிறார் என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரே வருத்தம் என்று வாயால் சொல்லிக்கொண்டு, உள்ளுக்குள் அவருடைய புள்ளியையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தவள் நான்.

அதற்குப் பிறகும் அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கையால் சாப்பிட்டாராம். நெஞ்செரிவு இல்லாமல் ஓர் இரவு முழுக்க நித்திரை கொண்டாராம். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் ஒரு பதில் தயாராக இருந்தது. நான் நிறைய வாசிப்பவள். நுரையீரல் எப்போது பழுதாகும், இதயத்தில் இருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயில் அழுத்தம் எப்படிச் சத்தமில்லாமல் ஏறும், அது மட்டுப்பட்ட வகைக்காரருக்கும் வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்ததை அவர் சந்தோஷமாக இருக்கும் நேரம் பார்த்துச் சொன்னேன்.

ஆக மோசமானது ஒரு ஜூன் மாதம் நடந்தது. ஜூன் 29 உலக ஸ்க்லீரோடெர்மா நாள். ஓவியர் பால் கிளே 1940இல் இறந்த நாள் அது. நாஜிகள் வேலையில் இருந்து துரத்திய பிறகு சுவிட்சர்லாந்துக்குத் திரும்பியவருக்கு 1935இல் உடம்பு முடியாமல் போனது. அது ஸ்க்லீரோடெர்மாவாக இருந்திருக்க வேண்டும் என்று அவர் இறந்த பிறகுதான் கணித்தார்கள். தான் வரைந்ததையெல்லாம் பட்டியல் போட்டு வைக்கும் மனிதர் அவர். 1936இல் பட்டியலில் ஏறியவை ஏறக்குறைய 25 மட்டும். 1939இல் 1,200க்கும் மேல். அக்கா இதை எங்கேயோ அறிந்துகொண்டு, கண்ணெல்லாம் விரிய என்னிடம் சொன்னார்: “ஒரு வருசத்தில ஆயிரத்தி இருநூறு படம் கீறினவராம் பிள்ளை, எங்கட வருத்தத்தோட!”

“அடுத்த வருசமே செத்துப்போனார் அக்கா” என்றேன்.

எனக்கு அப்போதே தெரிந்த இன்னொன்றும் இருந்தது. கிளேயின் காலத்தில் இந்த வருத்தத்துக்கு மருந்தென்று எதுவும் இருக்கவில்லை. சிறுநீரகம் திடீரெனப் பழுதாகும் நெருக்கடி வந்தால் அநேகமாகச் சில மாதங்களில் முடிந்துவிடும் என்ற நிலையை 1970களின் கடைசியில் வந்த கப்டோபிரில் வகை மாத்திரைகள் மாற்றிவிட்டன. நுரையீரலுக்கும், குழாய் அழுத்தத்துக்கும், தோலுக்கும் இன்று தனித்தனியே மருந்து உண்டு. ஒவ்வொரு வருடமும் எங்களுக்கு எக்கோ என்ற இதயப் பரிசோதனையும் மூச்சுப் பரிசோதனையும் செய்வதே, பழுதை முன்னதாகப் பிடித்தால் தடுக்க வழி இருக்கிறது என்பதால்தான். இதில் ஒரு சொல்லையும் அக்காவுக்குச் சொல்லவில்லை. தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு அவர் எதுவும் சொல்வதை நிறுத்தினார். கேட்டால், “சும்மா இருக்கிறன் பிள்ளை.” மருந்து ஏற்றும் நாட்களும் எப்படியோ வேறு வேறாகிப் போயின. எனக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது.

பரவும் வகையில் ஒரு விஷயம் உண்டு. முதல் சில வருடங்கள் ஏறிக்கொண்டே போகும் தோல் இறுக்கம், பிறகு பலருக்கு மெல்ல இளகத் தொடங்கும். படித்திருந்தேன், எனக்கென்று நம்பவில்லை. அடுத்த வருடம் ஒரு நாள் மருத்துவர் இடது முன்கையைக் கிள்ளினார். கொஞ்சம் தூக்கியது. மறுபடி கிள்ளிப் பார்த்துவிட்டு 3 இருந்த இடத்தில் 2 போட்டார். பெல்சைஸ் பார்க் நிலையம்வரை சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு நானே கிள்ளிக் கிள்ளிப் பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கணவர், “நல்லது, நல்லது” என்றார், உண்மையாகவே மகிழ்ந்தார். உடனே நுரையீரலைப் பற்றிக் கேட்டார். ஊரில் இருக்கும் அம்மா, “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத, நாவூறு பட்டிடும்” என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அக்காவின் முகம்தான் வந்தது. அம்மா யாருக்குப் பயப்படச் சொல்கிறாரோ, அக்காவுக்கு நான் அந்த ஆளாக இருந்திருக்கிறேன். முன்கைத் தோல் ஒரு பிடி தூக்கியதென்றால் அது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்கமே இல்லாமல் விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரே மனுசியின் வாயை நானே அடைத்திருந்தேன்.

அன்றிரவு தொலைபேசி எடுத்தேன். என் செய்தியைச் சொல்லவில்லை. அவருடைய விரல் ஆறியபோது எனக்கு எரிந்தது என்பதையும், கிளே விஷயத்தில் பாதியை மறைத்தேன் என்பதையும் சொன்னேன். அக்கா நெடுநேரம் பேசவில்லை.

“உனக்கு எரிஞ்சது எனக்குத் தெரியும் பிள்ளை. அது பரவாயில்லை. அந்தப் படம் கீறினவரின்ர கதையைக் கேட்ட பிறகு நான் எக்கோவுக்குப் போகேல்லை. வந்த கடிதத்தைத் தூக்கி வச்சிட்டன். அதில என்ன சொல்லப்போறாங்களோ எண்டு பயம்.”

நான் விட்ட சொல் அவரை எவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறது என்று அந்த நேரம்வரை எனக்குத் தெரியாது. அழுதேன், அவர் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. பிறகு பரிசோதனைக்குப் புது நாள் கேட்டு எழுதினோம். நான் கூடவே போனேன். எக்கோவிலும் மூச்சுப் பரிசோதனையிலும் முன்பிருந்த அளவே இருந்தது. எங்கள் வருத்தத்தில் கூடாமல் நிற்பதுதான் பெரிய செய்தி. வெளியே வந்து ஹைகேட் முருகன் கோவிலுக்குப் போய் அவர் பெயருக்கு ஓர் அருச்சனை செய்வித்தோம். என் முன்கையைப் பற்றி அங்கேதான் சொன்னேன். “எங்க, காட்டு” என்று என் சட்டைக் கையை அவரே தூக்கிவிட்டு, கையுறையைக் கழற்றிக் கிள்ளிப் பார்த்தார். இரண்டு கையையும் பார்த்தார். “வலதும் இளகுது பிள்ளை, அவைக்கு இன்னும் தெரியேல்லை” என்றார்.

எரிச்சல் போய்விட்டதென்று எழுத எனக்கும் ஆசைதான். போகவில்லை. அவர் நல்ல செய்தி சொல்லும்போது முதலில் எழுவது இன்றைக்கும் அதுதான். அது எழும்பி அடங்கும்வரை நான் வாய் திறப்பதில்லை. பிறகு எந்த விரல், எவ்வளவு மடங்குது, எதைத் தூக்கினீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறேன். கேட்கக் கேட்க எனக்கும் உண்மையான சந்தோஷம் வருகிறது. பிந்தித்தான் வருகிறது.

போன மாதம் அக்காவின் சுட்டுவிரலில் புதிதாக ஒரு புண் வந்தது. நான் அன்று சொன்னபடியே வந்தது. கேள்விப்பட்ட அந்த முதல் நிமிடத்தில் எனக்குள்ளே ஒரு திருப்தி எழுந்தது. இதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை. வரும் வியாழக்கிழமை அவருக்கு மருந்து ஏற்றுகிறார்கள், நான் துணைக்குப் போகிறேன். அவர் இதை அச்சில் பார்ப்பதற்கு முன்னால் என் வாயாலேயே சொல்ல வேண்டும்.