ஏரிக்கரையில் 20 சென்டிமீட்டர் ரகசியம்: குட்டி விமானம் செய்பவர்கள் தேடிப் போகும் இத்தாலிய ஊர்

ரோம் நகரிலிருந்து விதெர்போ செல்லும் புறநகர் ரயிலில் ஏறி, சுமார் ஒரு மணி நேரம் பயணம் செய்தால் வின்யா டி வாலே என்ற சின்ன நிலையம் வரும். அங்கிருந்து சரிவில் இறங்கினால் பிராச்சானோ ஏரி. எரிமலை உருவாக்கிய பள்ளத்தில் தேங்கிய தெளிந்த நீர். எதிரே பார்த்தால் குன்றின் மேல் பழைய கோட்டை. 2006-ல் ஹாலிவுட் நடிகர் டாம் குரூஸின் திருமணம் நடந்ததே, அதே கோட்டைதான்.

கோட்டையைப் பார்க்கவும் ஏரியில் நீந்தவும் வருகிறவர்களுக்கு நடுவே இன்னொரு கூட்டமும் இங்கே வருகிறது. கேமரா, நோட்டுப் புத்தகம் சகிதம் வரும் இவர்கள் பிளாஸ்டிக் கிட் வாங்கி, ஒட்டி, பெயின்ட் அடித்து, பழைய போர் விமானங்களைக் குட்டியாகச் செய்கிறவர்கள். கரையோரம் இருக்கும் இத்தாலிய விமானப்படையின் அருங்காட்சியகம்தான் இவர்களுக்குக் கோயில் மாதிரி.

1908-ல் இத்தாலியின் முதல் ராணுவ ஆகாயக் கப்பல் பறந்தது இந்த இடத்திலிருந்துதான். பிறகு கடல் விமானங்களின் தளமாக இருந்தது. 1977-ல் அருங்காட்சியகம் ஆனது. விமானங்கள் நிற்கும் பழைய கொட்டகைகளில் ஒன்று, முதல் உலகப் போரில் தோற்ற ஆஸ்திரியா - ஹங்கேரியிடமிருந்து இழப்பீடாக வந்தது.

சிவப்பு ராட்சசன்

உள்ளே போனதும் கண்ணை இழுப்பது மக்கி எம்.சி.72. ரத்தச் சிவப்பு நிறம், இரண்டு நீண்ட மிதவைகள். 1934 அக்டோபர் 23 அன்று கார்தா ஏரியின் மேல் பிரான்செஸ்கோ அஜெல்லோ இதை மணிக்கு 709 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினார். புரொப்பல்லர் வைத்த கடல் விமானங்களில் அந்தச் சாதனையை இன்றுவரை யாரும் முறியடிக்கவில்லை. அந்த வேகத்துக்கு விலையும் இருந்தது. 1931-ல் மட்டும் இந்த ரக விமானத்தை ஓட்டிப் பார்த்த இரண்டு விமானிகள் உயிரிழந்தார்கள்.

மாடல் செய்கிறவர் பார்ப்பது இறக்கையை. அதன் மேல் பித்தளை நிறத்தில் பட்டை பட்டையாகத் தெரிகிறதே, அது அலங்காரம் இல்லை. எஞ்சினின் சூட்டைத் தணிக்கும் ரேடியேட்டரே அதுதான். வழக்கமான ரேடியேட்டர் காற்றில் நீட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும் என்பதால், இறக்கையின் தோலையே ரேடியேட்டராக்கிவிட்டார் வடிவமைப்பாளர் மரியோ காஸ்தோல்தி. விவரம் தெரியாமல் முழுவதும் சிவப்பு அடித்தால், எஞ்சின் கொதித்துப்போகும் விமானத்தைச் செய்ததாக அர்த்தம்!

மூக்கில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு புரொப்பல்லர்கள். புரொப்பல்லர் ஒரு பக்கம் சுழலும்போது விமானத்தின் உடல் எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும். இரண்டும் எதிரெதிராகச் சுழன்றால் அந்த இழுப்பு சமன் ஆகிவிடும்.

சமமில்லாத இறக்கைகள்

அதே காஸ்தோல்தி பிறகு வடிவமைத்த போர் விமானம் மக்கி சி.202. பெயர் ஃபோல்கோரே, அதாவது இடி மின்னல். இதில் ஒரே புரொப்பல்லர்தான். அப்படியானால் உருளும் பிரச்னைக்கு என்ன வழி? இடது இறக்கையை வலதைவிடச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமாக வைத்துவிட்டார். நீளம் கூடினால் அந்தப் பக்கம் தூக்கும் விசையும் கூடும், உருளல் அடங்கும்.

எதிரே நின்று பார்த்தாலும் சட்டெனத் தெரியாது. 72-ல் ஒரு பங்கு அளவில் செய்யும் மாடலில் இந்த வித்தியாசம் 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனால், வரைபடம் போடுகிறவர் ஒரு இறக்கையை வரைந்து, அதையே திருப்பிப் போட்டு மறுபக்கமும் வைத்துவிட்டால், காஸ்தோல்தியின் மூளை அந்த மாடலில் காணாமல் போய்விடும்.

ஆயிரத்துக்கும் மேல் கட்டப்பட்ட இந்த ரகத்தில் இன்று முழுதாக மிஞ்சியவை இரண்டுதான். ஒன்று இங்கே; மற்றொன்று அமெரிக்காவில், வாஷிங்டனில். சிவப்பு விமானத்தில் சாதனை படைத்த அஜெல்லோ இறந்ததும் ஒரு சி.202-ல்தான். 1942 நவம்பரில் மிலான் அருகே சோதனை ஓட்டத்தின்போது இன்னொரு விமானத்துடன் மோதி உயிரிழந்தார்.

எந்தப் பச்சை?

அளவு கிடைத்துவிட்டது. நிறம்? அங்கேதான் சிக்கல். அருங்காட்சியகத்தில் நிற்கும் பழைய விமானங்களின் பெயின்ட் பெரும்பாலும் பிற்காலத்தில் பூசியது. போர்க்காலப் புகைப்படங்களோ கறுப்பு வெள்ளை. அதிலும் சில பழைய ஃபிலிம்களில் சிவப்பு கறுப்பாக விழும். நீலம் வெளுத்துப் போகும். ஒரே படத்தை வைத்துக்கொண்டு நிறம் சொல்வது ஆபத்து.

வட ஆப்பிரிக்காவில் பறந்த ஃபோல்கோரேக்களில் மணல் நிறத்தின் மேல் பச்சை வளையங்களைப் பார்க்கலாம். சிகரெட் புகை வளையம் போல இருப்பதால் 'புகை வளையங்கள்' என்றே அதற்குப் பெயர். மக்கி, ப்ரேதா, அம்ப்ரோசினி என்று மூன்று கம்பெனிகள் இந்த விமானத்தைக் கட்டின. பெயின்ட் அடிக்கும் விதமும் கம்பெனிக்குக் கம்பெனி மாறியது.

இதற்குச் சாவி, விமானத்தின் உடலில் 'எம்.எம்.' என்ற எழுத்துகளோடு இருக்கும் ராணுவப் பதிவு எண். அது தெரிந்தால் எந்தக் கம்பெனி, எந்தத் தொகுதி என்று பிடித்துவிடலாம். இதற்காக விமானப்படையின் வரலாற்றுப் பிரிவு ஆவணங்கள், பழைய உதிரிபாகப் பட்டியல்கள், 1924-ல் தொடங்கிய லூச்சே நிறுவனத்தின் செய்திப் படங்கள் என்று வருடக்கணக்கில் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

தேதி என்ன?

அனுபவசாலிகள் முதலில் கேட்கும் கேள்வி 'எந்த விமானம்?' அல்ல, 'எந்தத் தேதி?' என்பதுதான். 1943 செப்டம்பர் 8 அன்று, இத்தாலி நேச நாடுகளுடன் செய்துகொண்ட போர் நிறுத்தம் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் இறக்கையில் வட்டத்துக்குள் மூன்று பிரம்புக் கட்டுகள் இருக்கும். கோடரியைச் சேர்த்துக் கட்டிய பிரம்புக் கட்டு, முசோலினி கட்சியின் சின்னம். ஃபாசிசம் என்ற சொல்லே 'கட்டு' என்ற பொருளிலிருந்து வந்ததுதான். அந்தத் தேதிக்குப் பிறகு தெற்கே நேச நாடுகளின் பக்கம் சேர்ந்து பறந்த விமானங்களில் பச்சை, வெள்ளை, சிவப்பு வட்டம் வந்தது. வடக்கே ஜெர்மனியின் பக்கம் நின்றவர்கள் வேறு அடையாளம் போட்டுக்கொண்டார்கள். ஒரே ரக விமானம், ஒரே ஆண்டு. ஆனால் மூன்று முகங்கள்.

கூடத்தில் வைக்கும் அழகான மாடலில் அந்தக் கட்சிச் சின்னம் எதற்கு, விட்டுவிடலாமே என்று தோன்றலாம். இங்கே நிற்கும் சவோயா-மர்கெத்தி எஸ்.எம்.79 அதற்குப் பதில் சொல்லும். மூன்று எஞ்சின், முதுகில் துப்பாக்கி வீரருக்கான திமில். அதனால் 'சபிக்கப்பட்ட கூனன்' என்று பட்டப்பெயர். 1937 ஏப்ரல் 26 அன்று ஸ்பெயினில் குவெர்னிக்கா ஊரின் மேல் ஜெர்மன் விமானங்களோடு சேர்ந்து குண்டு போட்டவற்றில் இந்த ரகமும் உண்டு. பிக்காஸோ ஓவியமாக்கிய அதே குவெர்னிக்கா. சின்னத்தை மறைத்தால் மாடல் அழகாகலாம். ஆனால், யார் சொல்லி அந்தக் குண்டு விழுந்தது என்பதும் சேர்ந்து மறைந்துவிடும்.

இந்தக் கூனனுக்கு இன்னொரு வாழ்க்கையும் உண்டு. 1,200-க்கும் மேல் கட்டப்பட்ட இந்த ரகத்தில் போருக்குப் பின் நான்கை லெபனான் வாங்கி, சரக்கும் ஆட்களும் ஏற்றப் பயன்படுத்தியது. இத்தாலியில் பழைய இரும்பாகிப் போகாமல் தப்பியவை அவைதான். இங்கிருப்பதும், வடக்கே திரெந்தோ நகரின் கப்ரோனி அருங்காட்சியகத்தில் இருப்பதும் லெபனானிலிருந்து ஊர் திரும்பியவை. எனவே, உள்பக்கம் தெரிகிற ஒவ்வொரு பொருளும் 1940-ல் இருந்ததுதானா, பிறகு வந்ததா என்று சந்தேகப்பட்டே பார்க்க வேண்டும்.

போகிறவர்களுக்கு

அருங்காட்சியகம் விமானப்படையின் வளாகத்தில் இருப்பதால், திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளை அழைத்துப்போனால் சி.202-க்கு நேர் எதிரே நிறுத்தி, 'எந்தக் கை நீளம், சொல்லு' என்று கேளுங்கள். ஒன்றை மறந்துவிடாதீர்கள்: விமானத்தின் இடது கை, எதிரே நிற்பவருக்கு வலது பக்கம் தெரியும்.