தவளையும் தவணையும்

நான் விலங்கியல் படித்தவன். மெழுகுத் தட்டில் தவளையை மல்லாத்தி, நான்கு காலுக்கும் குண்டூசி குத்திக் கற்றதில் ஒன்றுகூட முப்பத்து நான்கு வருட வங்கி உத்தியோகத்தில் உதவவில்லை. அது அப்போது ஒரு குறையாகவும் தெரியவில்லை. படித்தது அரசுக் கல்லூரியில். அப்பா நாலைந்து மூட்டை நெல் விற்றால் ஒரு வருடப் படிப்பு ஓடிவிடும். படிப்பு வேலை தரவில்லை, கடனும் தரவில்லை. வங்கித் தேர்வு எழுதிக் குமாஸ்தாவாகி, கிளை மேலாளராக ஓய்வு பெற்றேன்.

ஆகவே “பயாலஜி படிச்சா என்ன சம்பளம் வரும்?” என்று கேட்டால் பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை. “அதுக்குக் கடன் வாங்கலாமா?” என்று கேட்டால் உண்டு. அந்தத் தகுதியைத் தந்தவர் ஒரு நெசவாளி.

2007-ஆம் வருடம். கும்பகோணம் பக்கத்துக் கிளை ஒன்றில் இருந்தேன். அவர் மகளுக்கு மருத்துவ கட்-ஆஃப் கொஞ்சத்தில் தவறியிருந்தது. எங்கு திரும்பினாலும் பயோடெக்னாலஜி என்ற பேச்சு அப்போது. டாக்டர் சீட் கிடைக்காத வீடுகளுக்கு அதுதான் ஒத்தடம். தனியார் கல்லூரியில் பி.டெக்., நான்கு வருடம், நான்கு லட்சம். கல்விக்கடனில் 4 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்பதில்லை. தகப்பனார் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் போதும். போட்டார். நானும் போட்டேன். கல்விக்கடனில் அந்த வருட டார்கெட்டுக்கு எனக்கு இன்னும் சில கணக்குகள் தேவைப்பட்டன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2012-இல் நான் வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தேன். விசாரித்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, அங்கேயே வந்துவிட்டார். மஞ்சள் பைக்குள் வங்கி நோட்டீஸ், நாலாக மடித்தது.

“சார், நாலு லட்சந்தான வாங்குனோம். அஞ்சு லட்சத்து நாப்பதாயிரத்துச் சொச்சம்னு போட்டிருக்கு. அச்சு ஏதும் தப்பாயிடுச்சுங்களா?”

தப்பில்லை. படிக்கும் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டாம் என்பது சலுகை. அவர் கடன் வாங்கிய காலத்தில் வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. வருடம் ஒரு லட்சமாகக் கல்லூரிக்குக் கட்டினோம். 10 சதவீதம் என்றே வையுங்கள்: முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, அடுத்ததற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. ஆக, பதினான்கு பத்தாயிரம். அசலோடு சேர்த்து ஏழு வருடத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 9,000 ரூபாய். கடைசித் தவணை கட்டும்போது கையைவிட்டுப் போனது ஏழரை லட்சம்.

மகளுக்குச் சென்னையில் ஒரு பரிசோதனைக்கூடத்தில் வேலை. சம்பளம் 11,000. விடுதிக்கு 4,500. மிச்சத்தைக் கழித்துப் பாருங்கள். ஐந்து வருடம் முன்பே இதைக் கழித்துப் பார்த்திருக்க வேண்டியவன் நான்.

உயிரியல் மேல் எனக்குக் கோபமில்லை. அது தென்னை. நட்ட மறுவருடம் வாழைபோலக் குலை தள்ளாது. இளநிலையோடு நிற்பவருக்கு அந்தப் பாடம் பெரும்பாலும் சொற்பமாகத்தான் அளக்கிறது, எம்.எஸ்சி., அதன்மேல் நெட், அதன்மேல் பிஎச்.டி. என்று ஏறுகிறவருக்கே காய்ப்பு. நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்துவிட்டால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. அதுவும் மூன்றாவது வருடம் 42,000 ஆகிறது. படிப்பே சோறு போடும் இடம் அது. ஆனால் அங்கு போய்ச்சேர இளநிலை தொடங்கி ஐந்தாறு வருடமாகும். போட்டியும் கடுமை. அதற்குள் வாழைக்குப் போட்ட வட்டியைத் தென்னையிடம் கேட்டுக்கொண்டு வங்கி வாசலில் நிற்கிறது.

அதனால் நான் சொல்வது இதுதான்: இந்தத் துறையில் முதல் பட்டத்துக்குக் கடன் வாங்காதீர்கள். விலங்கியல், தாவரவியல் அரசுக் கலைக்கல்லூரிகளில் சில ஆயிரம் ரூபாய்க் கட்டணத்தில் கிடைக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணாக இருந்தால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கைக்கே வரும். தனியார் கல்லூரிக் கட்டடத்தின் கண்ணாடியைப் பார்த்து மயங்குவது பிள்ளைகளைவிட நாம்தான். கடன் வாங்கியே தீரவேண்டுமென்றால் இரண்டாவது பட்டத்துக்கு வாங்குங்கள். அதற்குள் பிள்ளைக்கு இந்தத் துறை ஒத்துவருமா என்பதாவது தெரிந்திருக்கும்.

அந்தப் பெண் பிறகு மெடிக்கல் கோடிங் கற்றுக்கொண்டாள். அமெரிக்க நோயாளிகளின் குறிப்பைப் படித்து ஒவ்வொரு நோய்க்கும் சிகிச்சைக்கும் உரிய எண்ணைப் போடும் வேலை. பயாலஜி படித்தவர்கள் சென்னையில் ஏராளமாக அதில் இருக்கிறார்கள். உடற்கூறு தெரிந்ததால் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள், கடனையும் அடைத்தாள். இடையில் இரண்டு வருடத் தவணை தறியிலிருந்து போனது. அதை அவர் என்னிடம் குறையாகச் சொன்னதில்லை. போன தீபாவளிக்கும் போனில் விசாரித்தார்.

இந்த வருடம் என் தங்கை பேத்தி மைக்ரோபயாலஜி என்கிறாள். கல்லூரிக்காரர்கள் தந்த தாளைக் காட்டினாள். முதல் வருடக் கட்டணம் மட்டும் பெரிய எழுத்தில். “மூணு வருஷத்துக்கும் விடுதி, பஸ், பரீட்சைக் கட்டணம் எல்லாம் சேர்த்து எழுதி வாங்கிட்டு வா கண்ணு, அப்புறம் பேசுவோம்” என்று அனுப்பியிருக்கிறேன். “தாத்தா, நீங்க இன்னும் மேனேஜராவே இருக்கீங்க” என்று சிரித்துக்கொண்டே போனாள்.

கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போகும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. படிப்பு முடிந்தபின் மாதாமாதம் எவ்வளவு, எத்தனை வருடம் என்று காட்டும் தவணை அட்டவணையை முதலில் கேட்டு வாங்குங்கள். தருவார்கள். கேட்டவர்கள் யாரும் இல்லாததால்தான் நான் தராமலிருந்தேன்.